பதினொரு யூனிட்

தூமோன் தோட்டத்தில் இருபத்திரண்டு வீடுகள்.
பதினாறு பூட்டு.
காரைக்காலுக்குத் தெற்கே எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன்
தென்னை வைத்துப் பார்த்த மணல்மேடு.
இப்போது சதுர அடி என்ன விலை என்று
காவல் கூண்டு ராசப்பாவிடம் கேட்டால்
சிரித்துக்கொண்டே டீயை ஆற்றுவார்.

மாத முதல் வாரம் நான் போவேன்,
மின்துறையின் ஒப்பந்த ஆள்.
பெயர், வண்டி எண், நேரம்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
மீட்டர் என்று எழுதுவேன்.
கடல் என்று எழுதியவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.
கடல் இருக்கிறது,
கடைசி மதிலுக்கும் நீலக் கேட்டுக்கும் பின்னால்,
குடியிருப்போருக்கு மட்டும்.
இரைச்சலை மட்டும் எல்லோரும் கேட்கலாம்.

இங்கே ஆட்களை எனக்குத் தெரியாது,
எண்களைத் தெரியும்.
நாலாம் எண் ஆயிரத்து இருநூறு:
நீச்சல் குளம், ஏசி நான்கு, அதில் ஒன்று நாய்க்கு.
பதினேழில் திடீரென்று முன்னூறு ஏறினால்
பாரீஸ் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.
ஏழாம் எண் டாக்டர் இறந்துபோனதை
யூனிட் இறங்கியதில்தான் அறிந்தேன்.
பூட்டியவை பூச்சியம்.
ஒன்பது மட்டும்,
பூட்டில் உப்பு பூத்துத் துருவேறிய பிறகும்
மாதம் தவறாமல் பதினொன்று.

சைத்தூன் பீவி வீடு.
ரெயூனியனில் மகனிடம் போய் மூன்று வருஷம்.
யாராவது கொக்கி போட்டிருக்கிறார்களா என்று
கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தேன்.
ஒரு நாள் மழையில் தாமதமாகி
இருட்டில் திரும்பும்போது தெரிந்தது:
மாடி வராந்தாவில் கடலைப் பார்த்து ஒரு பல்பு.
கிளம்பிய அவசரத்தில் மறந்தது.
பதினைந்து வாட், இரவும் பகலும், முப்பது நாள்.
கணக்கு சரியாக வந்தது.

கிழங்கான் வாங்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்.
மாசிலான் தராசை இறக்கிவிட்டான்.
"லைட்வீடா?
கலங்கரை விளக்கு கப்பலுக்குக்கா.
அது எங்களுக்கு.
போன்ல எல்லாம் காட்டும்தான், போன் நனைஞ்சா?
அதை மூக்குக்கு நேரே வச்சு ஓட்டுனா
ஆத்துவாய்த் திட்டுல முட்டாம கரை."
ஐம்பது கிராம் கூடுதலாகவே விழுந்தது தட்டில்.

தையில் சைத்தூன் பீவி வந்தார்.
ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி,
மேலே கண்ணாடிக் குண்டு வைத்து,
"ஆளில்லாத வீட்டுல
முப்பத்தாறு மாசம் யாரும்மா எரிச்சது?"
பணத்துக்காகக் கேட்கவில்லை, முகம் தெரிந்தது.
மீட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம்.
பழகிய பொய்தான், வாயில் தயாராக இருக்கும்.
"மாடி வராந்தாம்மா" என்றேன்.
படி ஏறிப் போனார்.
டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
இறங்கி வந்து
தேங்காய் பிஸ்கட் கொடுத்தார்.
தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று இரவு வாடை பிடித்தது.
விழித்துப் படுத்திருந்தேன் என்று சொன்னால் பொய்,
நன்றாகத் தூங்கினேன்.
காலையில் மாசிலான் இடத்தில் அவன் தம்பி மனைவி.
"திட்டுல தட்டிட்டாங்க.
ஆளுக்கு ஒண்ணுமில்ல, கையில தையல்.
என்ஜின்தான் போச்சு."
இருநூறு ரூபாயை வைத்துவிட்டு
மீனை மறந்து நடந்திருக்கிறேன்.
பின்னால் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

தேதி வருமுன்பே ஒன்பதாம் எண் மணியை அடித்தேன்.
சொன்னேன், பிஸ்கட் தின்றதைத் தவிர எல்லாவற்றையும்.
"என் பல்பையா?"
பிறகு வெகுநேரம் பேச்சில்லை.
"யார் வீடுன்னு தெரியுமா அவங்களுக்கு?"
"லைட்வீடுன்னு சொல்றாங்க."
லைட்வீடு, என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.
கதவைச் சாத்தினார்,
கோபமா இல்லையா என்று பிடிபடாத மாதிரி.

மாசி முதல் வாரம்.
ஒன்பதாம் எண் இருநூற்றுப் பதினான்கு.
மிக்சி இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது,
தூக்கம் வராத டிவி இருக்கிறது.
அதற்குள் அந்தப் பதினொன்றும் இருக்கிறதா என்று
எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.
இருட்டிய பிறகு
கடல் பக்கமிருந்து பார்க்க வேண்டும்.